பள்ளியில் பிள்ளை துன்புறுத்தப்படும்போது எந்தக் கதவைத் தட்டுவது? வடசென்னைப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

சக மாணவர்கள் தம் பிள்ளையை அடிக்கிறார்கள், கையில் உள்ள காசைப் பிடுங்குகிறார்கள், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டே அழவைக்கிறார்கள் என்று தெரியவரும் நாளில் பெற்றோர் முன்னே பல வழிகள் ஒன்றாக வந்து நிற்கின்றன. வகுப்பாசிரியரிடம் பேசலாம், தலைமையாசிரியரிடம் மனு கொடுக்கலாம், அந்தப் பையன் வீட்டுக்கே போய்க் கேட்கலாம், பகுதியில் செல்வாக்குள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகலாம், கல்வி அலுவலகத்தையோ காவல் நிலையத்தையோ நாடலாம், டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பார்க்கலாம். எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இதில் இல்லை. ஆனால் எந்த வழியையும் எடைபோட ஒரு கேள்வி போதும் என்பது என் உறுதியான கருத்து: பிள்ளையைக் காப்பதற்காகப் பள்ளி இன்று செய்யாத எந்த ஒன்றை இந்த வழி நாளைக் காலை செய்யவைக்கும்? கோபத்தை ஆற்றிக்கொள்ள உதவும் வழிகள் நிறைய உண்டு. இந்தக் கேள்விக்கு விடை தரும் வழிகள் சிலவே.

வடசென்னையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு போன்ற இடங்களில் அடிக்கும் பிள்ளையும் அடிபடும் பிள்ளையும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில், சில நேரம் ஒரே வாரியக் குடியிருப்பின் ஒரே பிளாக்கில் வசிக்கிறார்கள். பள்ளி மணி அடித்ததும் பிரச்சினை முடிந்துவிடாமல் பேருந்து நிறுத்தத்துக்கும் டியூஷனுக்கும் மாடிப்படிக்கும் கூடவே வருகிறது. இரு குடும்பங்களும் நாளையும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியவை. அதோடு, ஒரு மைல் தூரத்துக்குள் மாநகராட்சிப் பள்ளி, திருச்சபை நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி, சி.பி.எஸ்.இ. பள்ளி என நான்கு வகையும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே இருக்கும் அதிகாரி வேறு. பக்கத்து வீட்டாருக்குப் பலன் தந்த வழி உங்களுக்குப் பலன் தராமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பள்ளியின் பதிலுக்காகக் காத்திருக்கவே கூடாத நிலைமைகளை முதலில் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். பாலியல் நோக்கில் தொடுவது, உடையைக் கழற்றச் செய்வது, அப்படிப் படம் எடுத்து மிரட்டுவது போன்றவை நடந்திருந்தால் அது போக்சோ சட்டத்துக்குள் வருகிறது. அச்சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும்; தெரிந்தும் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. ஆகவே, "உள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் உரிமை தலைமையாசிரியருக்கும் இல்லை, தாளாளருக்கும் இல்லை. அப்படிப்பட்ட படம் உங்கள் கைக்கு வந்தால், சாட்சிக்காக என்றுகூட அதை உறவினருக்கோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கோ அனுப்பாதீர்கள், அனுப்புவதே குற்றமாகிவிடும். காவல்துறையிடம் மட்டும் காட்டுங்கள்.

கத்தி, பிளேடு வெளியே வந்திருந்தாலோ, தலையில் அடி, எலும்பு முறிவு என்று காயம் பெரிதாக இருந்தாலோ, பிள்ளையை உடனே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு அரசு மருத்துவமனைக்கோ கொண்டுசென்று, அடி எப்படிப் பட்டது என்பதை மறைக்காமல் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதவைக்க வேண்டும். எதற்கு வம்பு என்று, "படியில் விழுந்துவிட்டான்" என்று சொல்லிவிடும் பெற்றோர் பலர். அந்த ஒரு வரி பின்னால் எல்லா வழியையும் அடைத்துவிடும். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த பிள்ளையைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அப்போது சொல்லப்பட்ட சொல்லை, கூசினாலும், புகாரில் அப்படியே எழுத வேண்டும். "தகாத வார்த்தை" என்று மழுப்பி எழுதினால் சாதி காகிதத்திலிருந்து மறைந்துவிடும்; பள்ளியும் அதையே விரும்பும். இம்மூன்று நிலைமைகளிலும் காவல் நிலையத்தோடு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். அது கட்டணமில்லாதது, இரவிலும் இயங்குவது.

மற்ற நிலைமைகளுக்குத்தான் கீழே வரும் ஒப்பீடு.

வகுப்பாசிரியரிடம் பேச்சு, தலைமையாசிரியரிடம் மனு

வகுப்பாசிரியரிடம் நேரில் பேசுவது எளிய வழி. பல நேரங்களில் அதுவே போதும். ஐந்தாம் வகுப்புக்குக் கீழுள்ள பிள்ளைகளிடையே புதிதாகத் தொடங்கிய சீண்டலை, அக்கறையுள்ள ஒரு மிஸ் இடம் மாற்றி உட்காரவைத்தே நிறுத்திவிடுவார். ஆனால் அவருடைய கை வகுப்பறைக் கதவு வரைதான் எட்டும். மதிய இடைவேளை, கழிப்பறை, மாடிப்படி, மணி அடித்த பிறகு வேனுக்காக நிற்கும் பத்து நிமிடம் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலான துன்புறுத்தல் நடக்கிறது. அங்கே யாரை நிறுத்துவது என்பதை முடிவுசெய்பவர் தலைமையாசிரியர். எனவே வகுப்பாசிரியரிடம் ஒரு முறை பேசுங்கள். பேசியதைப் பிள்ளையின் டைரியில் இரண்டு வரியாகத் தேதியுடன் எழுதி அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். ஒரு வாரம் பாருங்கள். நிற்கவில்லை என்றால், அதே ஆசிரியரிடம் மறுபடி மறுபடி போய் நிற்பதில் பயன் இல்லை. அவரையும் அது சங்கடத்தில் தள்ளும். உங்கள் பிள்ளை "கம்ப்ளெய்ன்ட் பண்றவன்" என்ற பெயரை வாங்குவதுதான் மிஞ்சும்.

அடுத்தது தலைமையாசிரியருக்கு எழுத்தில் மனு. எல்லா வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த வகைப் பள்ளியானாலும் முதலில் முழுமையாகச் செய்து பார்க்க வேண்டியது இதுவே என்று நான் கருதுகிறேன். காரணம் எளியது. நேரில் பேசியதைப் பள்ளி மறக்கலாம், மறுக்கவும் செய்யலாம். தேதியும் பள்ளி முத்திரையும் உள்ள மனுவின் நகல் உங்கள் கையில் இருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு நடக்கும் ஒவ்வோர் அடிக்கும், "எங்களுக்குத் தெரியாது" என்று பள்ளியால் சொல்ல முடியாது. இரண்டு படிகள் எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் கையெழுத்தும் கேளுங்கள். முத்திரை வைக்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மனுவின் வலிமை அதன் கோபத்தில் இல்லை. அதில் உள்ள விவரத்தில் இருக்கிறது. "என் மகனைத் தினமும் அடிக்கிறார்கள், நடவடிக்கை எடுக்கவும்" என்ற மனுவைப் படித்த தலைமையாசிரியர் செய்யக்கூடியது எதுவும் அதில் இல்லை. பின்வருமாறு எழுதினால் இருக்கும்:

"என் மகன் 7ஆம் வகுப்பு 'பி' பிரிவில் படிக்கிறான். ஜூலை 8, 10 ஆகிய நாள்களில் மதிய உணவு இடைவேளையில், இரண்டாம் மாடிக் கழிப்பறை அருகே, அவன் வகுப்பைச் சேர்ந்த மாணவர்கள் இருவர் அவனைச் சுவரோடு தள்ளி அடித்துப் பணத்தைப் பறித்துள்ளனர். 11ஆம் தேதி வகுப்பாசிரியரிடம் தெரிவித்தேன். 18ஆம் தேதி மீண்டும் நடந்தது. எனவே, நாளை முதல் மதிய இடைவேளையில் அந்தத் தளத்தில் ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பில் நிறுத்தவும், அவன் இருக்கையை மாற்றவும், மாலையில் அவனைப் பத்து நிமிடம் முன்னதாக என்னிடம் அனுப்பவும், மாணவர்களைத் தனித்தனியே விசாரிக்கவும், எடுத்த நடவடிக்கையை ஒரு வாரத்துக்குள் எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் கேட்டவை எவையும் செலவு வைப்பவை அல்ல. எவற்றுக்கும் மேலிடத்து அனுமதி தேவையில்லை. மறுப்பதற்குக் காரணம் சொல்ல முடியாதவற்றைக் கேட்பதில்தான் மனுவின் திறம் இருக்கிறது. மாறாக, ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் முதலில் கேட்பது, "அந்தப் பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்புங்கள்" என்பதே. அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. பள்ளியால் சட்டப்படி தர முடியாத ஒன்றையே நீங்கள் கேட்டு நின்றால், அதைக் காட்டி, தரக்கூடியவற்றையும் பள்ளி தராமல் இருந்துவிடும்.

எப்படி விசாரிக்க வேண்டும் என்பதையும் மனுவில் சொல்வது மிக முக்கியம். பல பள்ளிகளில் நடப்பது இது: இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக அறைக்கு அழைத்து, "இவன் உன்னை அடித்தானா?" என்று அடித்தவன் முன்னிலையிலேயே கேட்கிறார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. இருவரையும் கைகுலுக்கச் சொல்லி, மன்னிப்புக் கேட்கவைத்து, விவகாரம் முடிந்ததாக அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கைகுலுக்கலுக்கான விலையை மாலையில் தெருமுனையில் பிள்ளை கொடுக்கிறது. தனித்தனியாக, பிள்ளை நம்பும் ஓர் ஆசிரியர் உடனிருக்க விசாரித்தால்தான் உண்மை வெளிவரும்.

புகார் கொடுத்த பிறகு வரும் சில நாள்களே மிகவும் ஆபத்தானவை என்பதைத் தமிழ்நாடு மறக்க முடியாத வகையில் கற்றது. 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில், சக மாணவர்களின் கொடுமையால் பள்ளிக்குப் போகாமல் நின்றிருந்த 12ஆம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் பள்ளியில் நடந்ததைச் சொன்னார். அதன் பின் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே தனி அலுவலர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பெற்றோராகிய நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவானது: புகார் கொடுக்கும் நாளிலேயே பாதுகாப்பு ஏற்பாட்டையும் கேட்டு வாங்க வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்பதை வகுப்பு முன்னால் அறிவிக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். ஓரிரு வாரத்துக்கு யாராவது பெரியவர் பிள்ளையைக் கொண்டுவிட்டு அழைத்து வரட்டும்.

பள்ளி அசையாவிட்டால், இரண்டாவது மனுவில் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தைக் குறிப்பிடலாம். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வந்த சட்டம் என்பதால் அது கல்லூரிகளுக்கு மட்டுமானது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சட்டம் பேசுவது கல்வி நிறுவனம் என்றுதான். உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு, அச்சம், அவமானம் விளைவிப்பதையும், கேலி செய்வதையும் காயப்படுத்துவதையும் அது உள்ளடக்குகிறது. புகார் வந்ததும் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். தவறினாலோ அலட்சியம் காட்டினாலோ அவரே குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்படுவார். மிரட்டலாக இல்லாமல், "இச்சட்டத்தின்படியும் உடனடி விசாரணை கோருகிறேன்" என்று ஒரே வரியில் எழுதினால் போதும். "பசங்க விளையாட்டுக்குத்தானே" என்ற பேச்சு அந்த வரிக்குப் பிறகு பெரும்பாலும் எழாது.

வீட்டுக்கே போய்க் கேட்பது, பகுதிக்காரரைக் கூட்டிப் போவது

ஒரே தெருவில் இருந்துகொண்டு மனு எழுதுவதா, நேரே போய்ப் பேசிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. பிள்ளைகள் மிகச் சிறியவர்களாக இருந்து, இரு தாய்மாரும் ஏற்கெனவே பழகியவர்களாக இருந்தால் அது நல்ல பலன் தரும். அந்த உறவை மனு கெடுத்துவிடக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழாம், எட்டாம் வகுப்புக்கு மேல் இது ஏறக்குறைய எப்போதும் தவறான முதல் படி. உங்களைப் பார்த்ததும் அந்த வீட்டில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, "எங்க பையன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான்" என்று வாக்குவாதம் தொடங்கும். அல்லது அந்தத் தந்தை உங்கள் கண்முன்னே மகனைப் பெல்ட்டால் அடிப்பார். முதலாவது பெரியவர்கள் சண்டையாகி, பிள்ளையின் விவகாரம் பின்னே போய்விடும். இரண்டாவது, அடிபட்டவனின் வன்மம் முழுவதும் மறுநாள் உங்கள் பிள்ளை மேல் இறங்க வழிசெய்யும். வீட்டில் அடிவாங்கி வளரும் பிள்ளைதான் பள்ளியில் கை நீட்டுகிறது என்பதைப் பலமுறை காண்கிறோம். எனவே அந்தப் பெற்றோருடன் பேசுவது அவசியம்தான். ஆனால் தலைமையாசிரியர் அறையில், அவர் முன்னிலையில், அவர் அழைப்பின் பேரில் பேசுவதே சரி.

கவுன்சிலரையோ, கட்சிக்காரரையோ, மீனவர் குடியிருப்புகளில் பஞ்சாயத்துப் பெரியவர்களையோ அழைத்துப் போவதைப் பொறுத்தவரை, அதன் வேகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காலையில் சொன்னால் மாலைக்குள் தலைமையாசிரியர் அறையில் கூட்டம் நடக்கும். ஆனால் அங்கே நடப்பது சமரசம். சமரசத்தில் இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்; அடிபட்ட பிள்ளை விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? அடுத்த முறை எதிர்த் தரப்பும் ஒருவரைக் கூட்டி வரும். காகிதமும் மிஞ்சாது. பள்ளிக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்திலும் தெருவிலும் நடப்பதை நிறுத்தப் பெரியவர்களின் சொல் உதவும். அந்த அளவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பள்ளிக்குள் நடப்பதற்குப் பள்ளியே பொறுப்பேற்க வேண்டும்.

பெற்றோர் பலர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுப்பது இதைவிடப் பன்மடங்கு நல்ல வழி. ஒரு பிள்ளையை அடிப்பவன் பெரும்பாலும் இன்னும் சிலரையும் அடிக்கிறான். வகுப்புப் பெற்றோரிடம் மெல்ல விசாரித்தால் அது தெரியவரும். மார்க்கைக் குறைத்துவிடுவார்கள் என்று பயந்து மெட்ரிக் பள்ளிகளில் தனியே எழுதத் தயங்கும் பெற்றோருக்கு இது அரண். மாநகராட்சி, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனால் உங்கள் பிள்ளையின் பெயரை அந்தக் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் தெரு முழுக்கப் பரவிவிடும். இடைவேளைகளில் ஆசிரியர் பொறுப்பு, கழிப்பறைத் தளத்தில் கண்காணிப்பு என்று பொதுவான தீர்மானமாகக் கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் உள்ள 'மாணவர் மனசு' பெட்டியும் வாய் திறந்து சொல்ல முடியாத பிள்ளைக்கு உதவக்கூடும். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பள்ளிக்கு மேலே

மனு கொடுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் ஒன்றும் மாறவில்லை என்றால் மேலே போகலாம். மிக எளிது 14417 என்ற பள்ளிக்கல்வித் துறை உதவி எண். எந்த வகைப் பள்ளி என்பதைச் சொல்லிப் புகாரைப் பதிவுசெய்து, பதிவு எண் தந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் போவதானால், மாநகராட்சிப் பள்ளிக்கு ரிப்பன் மாளிகையில் உள்ள மாநகராட்சிக் கல்வித்துறை. அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் மாவட்டக் கல்வி அலுவலர். மெட்ரிக் பள்ளிக்குத் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். உதவி பெறும் பள்ளியில் அதற்கு முன் தாளாளருக்கு ஒரு நகல் கொடுப்பது பெரும்பாலும் பலன் தரும், ஏனெனில் பழம்பெரும் நிர்வாகங்கள் தங்கள் பெயரைக் காப்பதில் கவனமானவை. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதியினர் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்: அவை வருவாய்க் கணக்கில் 2018இல் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியவை என்பதால், உங்கள் பள்ளி எந்தக் கல்வி மாவட்டத்தில் இருக்கிறது என்பது தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு அலைய நேரிடும்.

சி.பி.எஸ்.இ. பள்ளியானால் 2015 மார்ச்சில் அந்த வாரியமே வெளியிட்ட சுற்றறிக்கை உங்கள் கையில் உள்ள வலுவான ஆயுதம். துன்புறுத்தலைத் தடுக்கத் துணை முதல்வர், மூத்த ஆசிரியர், மனநல ஆலோசகர், பெற்றோர் பிரதிநிதி முதலியோர் அடங்கிய குழுவை ஒவ்வொரு பள்ளியும் அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. "அந்தக் குழுவின் உறுப்பினர்கள் யார், என் புகாரை அக்குழு எப்போது விசாரிக்கும்?" என்று எழுதிக் கேளுங்கள். குழுவே இல்லை என்றால் அண்ணா நகர் மேற்கில் உள்ள வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கு எழுதப் போதுமான காரணம் அதுவே.

மேலே போகும் வழியின் குறையையும் சொல்ல வேண்டும். அலுவலர் பெரும்பாலும் நேரில் வரமாட்டார், தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்பார், "பெற்றோரை அழைத்துப் பேசிப் பிரச்சினை சுமுகமாக முடிக்கப்பட்டது" என்று பதில் போகும், கோப்பு மூடப்படும். அந்தப் பதிலை உடைக்க உதவுபவை முத்திரை பதித்த உங்கள் நகலும், அதற்குப் பிறகு நடந்தவற்றின் தேதிகளும் மட்டுமே. மனு என்ன ஆனது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாள்களில் பதில் தர வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே ராஜாஜி சாலையில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்; 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதியலாம். இவையும் சுற்றி அதே கல்வி அலுவலரிடம்தான் வந்து சேரும் என்றாலும், ஆட்சியர் வழியாக வந்த காகிதத்துக்குப் பதில் எழுதும்போது அலுவலகம் கூடுதல் கவனம் எடுக்கும்.

ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் முறையிட்டால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன்மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த ஆணையத்துக்கு ஆட்களை வரவழைத்து விசாரிக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. ஆனால் அது செய்வது பரிந்துரை, ஆகும் காலமும் அதிகம். பள்ளியும் துறையும் சேர்ந்து மூடி மறைக்கின்றன என்ற நிலையில்தான் அது ஏற்ற வழி. நாளைக் காலைக்கான விடை அங்கே இல்லை.

காவல் நிலையம்

மேலே சொன்ன மூன்று நிலைமைகளும் இல்லாதபோது காவல் நிலையம் போவதா என்பதில் பெற்றோருக்குக் குழப்பம் அதிகம். போனால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அவரைக் கேட்டுப் பேசுங்கள். துன்புறுத்தியவரும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்பதால், கொடுங்குற்றம் என்றாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்தது என்றாலோ தவிர, முதல் தகவல் அறிக்கை பதியப்படுவதில்லை. நாட்குறிப்பில் பதிந்து, அந்தப் பிள்ளையின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்தது சட்டப்படி குற்றமே ஆகாது.

ஆகவே, "உள்ளே தூக்கிப் போடுவார்கள்" என்று எண்ணிப் போகும் பெற்றோர் ஏமாற்றத்தோடு திரும்புவார்கள். அப்படித் தூக்கிப் போடாமல் இருப்பதே நல்லது என்றும் நான் நினைக்கிறேன். பதின்மூன்று வயதில் போலீஸ் நிழல் விழுந்த பையன் அந்தப் பகுதியில் எந்த அண்ணன்மார் கைக்குப் போய்ச் சேர்வான் என்பது வடசென்னையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். பள்ளியும் காவல்துறை வந்ததும் வழக்கறிஞரைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும். காவல் வழிக்கு உண்மையான பயன் இருப்பது வாசலுக்கு வெளியே: பள்ளி விடும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் கூடி நிற்கும் பெரிய பையன்கள், படிப்பை நிறுத்திய இளைஞர்கள், பணம் பறிப்பது ஆகியவற்றுக்குப் பள்ளியின் கை எட்டாது. அங்கே ரோந்து கேட்டு எழுத்தில் கொடுக்கலாம்.

டி.சி. வாங்குவது

பள்ளி மாற்றுவதைத் தோல்வி என்று சொல்வோரை நான் ஏற்பதில்லை. இரண்டு மனுவுக்கும் அசையாத பள்ளியில், இரவு தூக்கம் கெட்டு, காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளையைக் கொள்கைக்காக நிறுத்திவைப்பது நியாயமில்லை. ஆனால் பிள்ளையைக் கேட்காமல் மாற்றாதீர்கள். தவறு செய்தவன் அங்கேயே இருக்க, தான் நண்பர்களை விட்டுப் போவதைத் தண்டனையாகவே சில பிள்ளைகள் உணர்கிறார்கள். புதிய பள்ளியும் அதே பகுதியில், அதே பேருந்தில் போகும் இடமாக இருந்தால் மாற்றத்தால் பயன் குறைவு என்பதையும் பாருங்கள்.

எட்டாம் வகுப்பு வரை, மாநகராட்சி, அரசு, உதவி பெறும் பள்ளிகளுக்கு மாறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தருகிறது. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும், சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. கட்டணப் பாக்கியை வசூலிக்க டி.சி.யை ஒரு கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் சொல்லியிருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவித்ததா என்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்பில் பொதுத்தேர்வுப் பட்டியல் தயாரான பிறகு மாற்றம் மிகக் கடினம். அப்போது தனிப் பிரிவு, தனி நேரம் போன்ற ஏற்பாடுகளைப் பள்ளிக்குள்ளேயே விடாமல் கேட்பதே மேல்.

எந்த வழியில் போனாலும் பிள்ளையின் மனம் தனியே கவனிக்கப்பட வேண்டும். சாப்பாடு குறைந்தாலோ, "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற மாதிரி ஒரு சொல் வந்தாலோ, மனுக்களை ஒருபுறம் வைத்துவிட்டு அன்றே 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், அல்லது ஸ்டான்லியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பள்ளிப் புகார் எண்ணுக்கும் இதற்கும் கடைசி இலக்கம்தான் வேறு; இரண்டையும் பெயரோடு கைப்பேசியில் பதிந்துவையுங்கள்.

பள்ளி நடவடிக்கை எடுத்துத் துன்புறுத்தல் நின்றுவிட்டாலும் கோப்பை மூடிவிட வேண்டாம். இடைவேளையில் ஆசிரியரை நிறுத்துவது போன்ற ஏற்பாடுகள் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு சத்தமில்லாமல் கைவிடப்படும், பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளையிடம், "மதியம் அங்கே யார் நிற்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஆண்டுத் தேர்வு முடியும் நேரத்தில், பழைய மனுவின் நகலை இணைத்து, அடுத்த வகுப்பில் அந்த மாணவர்களும் உங்கள் பிள்ளையும் ஒரே பிரிவில் வராதபடி பார்த்துக்கொள்ளுமாறு ஒரு சிறு கடிதம் கொடுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பிரிவுகள் முடிவாகிவிடும். பிறகு மாற்றுவது கடினம்.